சாம்பிள் நூத்தி எண்பத்தாறு

வாங்கண்ணா, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். அந்தக் கறுப்பு ஒயர மட்டும் மிதிக்காம தாண்டி வந்துருங்க. துளசிமணி ஊட்டுல இல்லீங்க, அக்கட்டால வேலம்பாளையத்துல ஒரு கூட்டத்துக்குக் கும்மி சொல்லிக்குடுக்கப் போயிருக்கறா. ஞாயித்துக்கிழமையானா இப்ப அவளுக்கு அதுதான் வேலை. வர்ற நேரந்தான், சித்த உக்காருங்க. அதுல வேண்டாங்க, இந்தச் சேர்ல உக்காருங்க. அது அசஞ்சாக் கிரீச்சுங்கும், மைக்குல விழுந்துரும். மைக்கு இப்ப ஆன்ல இல்லீங்க. இல்லாட்டியும் எனக்குப் பழக்கமாப் போச்சு.

இருங்க, பேனைப் போடறேன். சுத்தியும் பார்க்கறீங்க. மூட்டைங்களா? அது கட்டிங் வேஸ்ட்டுங்க, பனியன் கம்பெனில வெட்டி மிஞ்சற துணி. சாக்குல அடைச்சு நாலு சொவுத்துக்கும் அடுக்கிட்டேன். இப்பக் கை தட்டிப் பாருங்க. பார்த்தீங்களா, தட்டுன எடத்துலயே அடங்கிப் போச்சு. எதிரொலியே இருக்காது. பெரிய ஸ்டுடியோவுல என்னென்னமோ வாங்கி ஒட்டறாங்க, திருப்பூர்ல நமக்கு வேஸ்ட்டே போதுமுங்க. கொஞ்சம் வெக்கையா இருக்கும், அது ஒண்ணுதான்.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு போன்லயே சொன்னீங்க. தாராபுரத்துப் பக்கம் உங்கூர் மாரியாத்தா நோம்பிக்குத் துளசிமணி வந்து பாடோணும். செல்லுல ஓடற அந்த வீடியோவப் பார்த்துட்டுத்தான வந்தீங்க? எல்லாரும் அதப் பார்த்துட்டுத்தான் வர்றாங்க. போன வாரம் கோபியில இருந்து ரெண்டு பேரு. அதுக்கு முந்தி பல்லடம். நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அது ரெக்கார்டிங்கே இல்லீங்க. ஒரு செல்போன ஸ்டேண்டுல வெச்சு எடுத்தது. கை தட்டற சத்தம் அத்தனையும் ஒடஞ்சு போய்க் கேக்குது, பின்னால ஜெனரேட்டர் ஓடுது, ஒரு கொழந்தை விடாம அழுவுது. அதுக்கு நடுவுல அவ பாடறா. நல்லாருந்துதுங்களா? சரிங்க, உங்களுக்கு அப்படித் தோணும். இந்த வேலையில காது பழகுனவனுக்குத்தான் அதோட கஷ்டம் தெரியும்.

உங்ககிட்ட எனக்கு ஒரே ஒரு உதவி ஆகோணும். அவ வந்ததும் தேதி பேசுவீங்கல்ல, அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. "நோம்பிக்கு முந்தி ஊட்டுக்காரரு ஸ்டுடியோவுல ஒருவாட்டி பாடிக் குடுத்துரும்மா, எங்க பொம்பளைங்க கேட்டுப் பழகிக்குவாங்க"ன்னு. நீங்க சொன்னாக் கேப்பா. நான் சொன்னாக் கேக்க மாட்டா. அந்த வீடியோவுல இருக்கற கும்மி அரங்கேத்தம் நடந்து இன்னைக்கு அம்பத்தி ஆறு நாளாச்சுங்க. அன்னையில இருந்து இந்த ஊட்டுக்குள்ள அவ வாயத் தொறந்து ஒரு அடி பாடலை. மைக்குல பாடறத உடுங்க, பாத்திரம் கழுவறப்பவும் இல்ல, துணி மடிக்கறப்பவும் இல்ல. வெளிய போயிப் பாடறா. ஊட்டு வாசப்படி ஏறுனா வாயக் கட்டிக்கறா. சண்டை போட்டாலாச்சும் பதில் சொல்லலாம், சண்டையும் போட மாட்டேங்கறா.

தப்பு யாரு மேலன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் மறைக்கப் போறதில்ல.

எனக்குத் தொழில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரிங்க. பனியன்ல நெஞ்சுக்கிட்ட பூவு, பொம்மை, கம்பெனிப் பேரு எல்லாம் தையல்ல வருதுல்ல, அந்த டிசைன நான்தான் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுப்பேன். ஒரு பூவுல பத்தாயிரம் தையலு இருக்கும். அதுல ஒரு தையலு எடம் மாறுனாலும் அய்யாயிரம் பீசும் ரிஜக்ட் ஆகிப்போயிரும். அதனால மொதல்ல ஒரே ஒரு பீசு தெச்சு சாம்பிள் அனுப்போணும். பார்ட்டி பார்த்து ஓகே பண்ணுனாத்தான் மிசினு ஓடும். திருப்பூர்ல சின்னக் கொழந்தையக் கேட்டாலும் சொல்லும், சாம்பிள் ஓகே ஆகாம புரடக்சன் கெடையாது. இருவது வருசமா எனக்கு அதே பழக்கம்.

துளசிமணி கம்பெனில செக்கிங் வேலை. காலைல ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். அந்த வேன்ல போறப்ப வர்றப்ப சும்மா கட்டுனதுதான் அந்தப் பாட்டு. நீங்கதான் கேட்டிருக்கறீங்களே.

சங்கு ஊதிப் போச்சுதடி சாந்தாமணி - உன்
தூக்குப்போசி எங்கதடி சாந்தாமணி

கம்பெனிச் சங்கு, சோத்துப்போசின்னு அது பாட்டுக்கு நீண்டுட்டே போவும். வேன்ல இருக்கற ஒவ்வொருத்தி பேரும் உள்ள வரும். கூட வேலை பார்க்கற சம்பூர்ணக்காதான், ஆடி மாசத்துல, "இத வெச்சே கும்மி பழகித் தையில அரங்கேத்தம் போடலாம் துளசி"ன்னு கெளப்பி உட்டுது. நாப்பத்திரெண்டு பொம்பளைங்க சேர்ந்தாங்க. வேலை உட்டு வந்து பள்ளிக்கூடத்து மைதானத்துல ஆட்டம். துளசி பாட, இவங்க தட்ட, அவ்வளவுதான் அவங்க ரோசனை.

நான்தாங்க சொன்னேன். வெறுங்கைய வெச்சுட்டு என்ன பண்ணுவீங்க, நான் மியூசிக் போட்டுக் குடுக்கறேன், உன் குரலையும் இங்கயே பதிஞ்சு பென்டிரைவுல குடுத்துர்றேன், அன்னைக்கு மைக்செட்டுல சொருகுனாப் போதும், நீயும் மூச்சு வாங்காம ஆடலாம்னு. அப்ப அவ மொகத்தப் பார்த்திருக்கோணும் நீங்க. "நெசமாலுங்களா?"ன்னு ரெண்டு தடவ கேட்டா. கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்துல நான் ஒண்ணு பண்றேன்னு சொல்லி அவ ரெண்டு தடவ கேட்டது அதுதான் மொத.

சரின்னு ஆரம்பிச்சேன். கம்ப்யூட்டர் இருந்துது, கீபோர்டு ஒண்ணு முந்தியே வாங்கி வெச்சிருந்தேன். இதப் பாருங்க, இந்தச் சின்னப் பொட்டிதான் இண்டர்பேஸ். மைக்குல வர்ற சத்தத்தக் கம்ப்யூட்டருக்குப் புரியறாப்புல மாத்திக் குடுக்கறது இதுதான். இது இல்லாட்டி ஒண்ணும் நடக்காது. இது மைக்கு, ஸ்டுடியோ மைக்கு. மேடையில புடிச்சுப் பாடற மைக்காட்டக் கெடையாதுங்க, பக்கத்து ரூமுல நீங்க தும்முனாலும் இது கேட்டுக்கும். இந்த ரெண்டு ஸ்பீக்கரும் பாட்ட அழகாக் காட்டறதுக்கு இல்ல, தப்பக் காட்டறதுக்கு. அப்பறம் பாட்டுச் சாப்ட்வேரு. அதுக்குள்ள சொருகறது பிளகின். தவிலு வேணுமா, பிளகின். கோயில் மண்டபத்துக்குள்ள பாடறாப்புலக் குரலு வேணுமா, அதுக்கொரு பிளகின். ஒண்ணு போட்டா அதவிட நல்லது ஒண்ணு கண்ணுக்குப் படும். அதப் போட்டுப் பார்த்தாத்தான் மொதல்ல போட்டது எவ்வளவு மட்டம்னே தெரியும். அப்படித்தாங்க, ஆவணி புரட்டாசி ரெண்டு மாசமும் எங்க போச்சுன்னே தெரியல.

மொத நாள் அவள உக்கார வெச்சு ஹெட்போன மாட்டி உட்டேன். பட்டுச்சேலை கட்டிட்டு வந்தாங்க, குரலு மட்டுந்தான் பதியும், சேலை தெரியாதுன்னேன், பரவாயில்லைங்கன்னா. பாட ஆரம்பிச்சவ ரெண்டு வார்த்தையில நிறுத்திட்டா. "என்ற பின்னாடியே எவளோ பாடறாளுங்க"ங்கறா. அவ குரலே கம்ப்யூட்டருக்குள்ள போயிச் சுத்தி ஹெட்போனுக்கு வர்றதுக்குள்ள கொஞ்சம் லேட்டாவுது. லேட்டன்சின்னு பேரு. சரி எந்திரி, இத நேராக்கிட்டுக் கூப்புடறேன்னேன். நேராக்கப் பத்து நாளாச்சு.

அப்பறம் பாடுனா. "உஸ்"ஸுன்னு ஒரு சத்தம் அடியில. அதத் தொலைச்சா, "ம்ம்ம்"முன்னு ஒண்ணு. எர்த்து சரியில்ல. எலக்ட்ரீசியன் வந்து எர்த்துக்குழியத் தோண்டித் தண்ணி ஊத்துனான். அது போச்சு, பிரிட்ஜு சத்தம் வந்துது. பிரிட்ஜ ஆப் பண்ணுனோம், மறந்துட்டோம், அன்னைக்கு மாவெல்லாம் பொங்கி வழிஞ்சுது. பக்கத்து நிட்டிங் கம்பெனி மிசினு வேற பொழுதுக்கும் ஓடும். அதுக்குத்தான் இந்த மூட்டையெல்லாம். பேன் போடக் கூடாது, சன்னல் தொறக்கக் கூடாது. அவ வேர்த்து வடிய உக்காந்திருப்பா. ஒரு வார்த்தை மொணகல, அதச் சொல்லோணும்.

பாட்டுல "போச்சுதடி"ன்னு வருதுங்களா, அந்த எடத்துல காத்து வந்து மைக்குல டப்புன்னு அடிச்சுது. எம்பிராய்டரி வளையத்துல நைஸ் துணிய இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால வெச்சேன். இதோ இதுதான், நானே பண்ணுனது. இப்ப அடிக்காது. ஆனா "சங்கு"ல இருக்கற 'ச' கொஞ்சம் எச்சாச் சீறுது. அதுக்குத் தனியா ஒரு பிளகின்.

எல்லாத்துக்கும் நான் அவகிட்ட மொத அடி மட்டுந்தாங்க கேட்டேன். மொத அடி சரியா வந்துட்டா மிச்சம் முச்சூடும் அதே செட்டிங்குல ஓட்டிரலாம். சாம்பிள் ஓகே ஆகோணும்ல? வேலை உட்டு வருவா, மொகம் கழுவிட்டு வந்து நிப்பா, "சங்கு ஊதிப் போச்சுதடி சாந்தாமணி"ம்பா, நான் கையக் காட்டுவேன், நிறுத்திக்குவா. கேட்டுப் பார்ப்பேன். ஏதோ ஒண்ணு இருக்கும். போயிட்டு நாளைக்கு வாம்பேன். எல்லாம் பேரு போட்டு வெச்சிருக்கறேன் பாருங்க, சாம்பிள் ஒண்ணு, சாம்பிள் ரெண்டு, இப்படியே கீழ வாங்க. நூத்தி எண்பத்தாறு. இந்த நூத்தி எண்பத்தாறாவதுதாங்க கிட்டத்தட்ட ஓகே. கிட்டத்தட்டத்தான்.

ஒருநாள் கேட்டா, "ரெண்டாவது அடி எப்பங்க பாடறது?"ன்னு. நான் சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. இன்னொரு நாளு, நான் இந்தப் பக்கம் திரும்பி ஒரு பிளகின ஏத்திட்டு இருக்கறேன், அவ பாட்டுக்குப் பின்னால ஆரம்பிச்சு மொத்தப் பாட்டையும் பாடிட்டா. கண்ண மூடிட்டு. நான் ரெக்கார்டு போடலைங்க, கம்ப்யூட்டரு பாதி ஏத்திட்டு நின்னுட்டு இருந்துது. முடிச்சுட்டு, "எப்படிங்க?"ன்னா. "இரு, இத முடிச்சுக்கறேன்"னேன். நல்லாத்தான் பாடுனா. அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். வேலையில இருக்கறப்ப வாயில வராதுங்க எனக்கு.

மார்கழி கடைசில சம்பூர்ணக்கா வந்து வாசல்ல நின்னுட்டுது. "ஏனுங்க சென்னியப்பா, பாட்டு எப்பக் குடுப்பீங்க, பொம்பளைங்க பழகோணும்ல"ன்னு. சத்தமாத்தான் கேட்டுது. துளசி உள்ள இருந்து வந்து, "குடுத்துருவாருக்கா, அரைகுறையாக் குடுக்கறதுக்கா இத்தன கஷ்டப்படறாரு"ன்னு அனுப்பி உட்டுட்டா. நானும் கடைசில ஒரு வழிக்கு வந்துட்டேன். அரங்கேத்தத்துக்கு நாலு நாளைக்கு முந்தி லீவு போட வெச்சு, கெடச்ச செட்டிங்குல மொத்தப் பாட்டையும் பாட வெச்சு எடுத்தேன். மனசே இல்ல எனக்கு. எடுத்துட்டு மியூசிக் சேர்க்க உக்காந்தேன்.

அரங்கேத்தம் ஞாயித்துக்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு, மாரியாத்தா கோயில் மைதானத்துல. அவ ரெண்டு மணிக்கே கெளம்பிட்டா. எல்லாரும் ஒரே மாதிரி மாம்பழக் கலர்ச் சேலை. "நேரத்துக்கு வந்துருங்க"ன்னா. "நீ போ, பென்டிரைவுல போட்டு எடுத்துட்டு வர்றது ஒண்ணுதான் பாக்கி"ன்னேன். நெசமாலுமே அது ஒண்ணுதான் பாக்கி.

ரெண்டரைக்கு ஓட்டிப் பார்க்கறேன், துளசி குரலு நடுவுல நடுவுல காணாமப் போவுது. பத்து செகண்டு பாடும், நாலு செகண்டு ஊமையாயிரும். என்னன்னு பார்த்தா, அந்த மண்டபத்துச் சத்தம் குடுக்கற பிளகினு இருக்குதுல்ல, அது சும்மா பழகிப் பார்க்கக் குடுத்தது. முப்பது நாளு கெடு. அன்னையோட கெடு முடிஞ்சுது. நான் நாளு எண்ணல. அதக் கழட்டிட்டுப் பார்த்தாக் குரலு மொட்டையா நிக்குது. வேற பிளகின் போட்டேன், தவிலு சத்தத்த முழுங்குது. தவிலக் கொறைச்சேன். கெரகம், ஒண்ணத் தொட்டா ஒம்போது கலையுது. செல்போன ஏரோப்ளேன் மோடுல போட்டு ஓரமா வெச்சிருந்தேன், ஸ்பீக்கருக்குப் பக்கத்துல அது இருந்தா டிட்டிட்டிட்டின்னு ஒரு சத்தம் வரும். அத மறந்தே போயிட்டேன்.

பென்டிரைவ எடுத்துட்டு வண்டிய முறுக்கிட்டுப் போறேன், மைதானத்துல அஞ்சு மணி. அவங்க பாட்டுக்கு ஆடிட்டிருக்கறாங்க. நாலு மணிக்கு டாண்ணு ஆரம்பிச்சு, எல்லாம் முடிக்கற கட்டத்துக்கு வந்துட்டாங்க. வெறும் கை. தவிலு இல்ல, ஒண்ணும் இல்ல. அவ மேடை மைக்கக் கையில வெச்சுட்டு நடுவுல நின்னு பாடறா. மைக்செட்டுக்காரன்கிட்டப் போயிப் பென்டிரைவ நீட்டறேன், அவன் என்னைப் பார்த்துட்டு, "இனி எதுக்குங்க?"ன்னான். கூட்டம் விசிலடிக்குது. நான் ஸ்பீக்கருக்குப் பின்னால நின்னேன். நாப்பத்திரெண்டு பேரு தட்டறது ஒரு சேர விழலைங்க, முன்ன பின்ன விழுவுது. அதையெல்லாம் நான் ஒரு நூலு பிசகாம அடுக்கி வெச்சிருந்தேன். அது சட்டப்பையிலயே கெடந்துது.

போன ஆன் பண்ணிப் பார்த்தா அவகிட்ட இருந்து ஒம்போது மிஸ்டு கால். ஒம்போது தடவ கூப்புடத் தெரிஞ்சவளுக்கு அரை மணி நேரம் காத்திருக்கத் தெரியலையேன்னு எனக்கு ஆத்தமாட்டாத கோவம் வந்துது. ஆறு மாசங்க. தொழில ஓரங்கட்டிட்டு ஆறு மாசம். ஊட்டுக்கு வந்ததும் கேட்டுட்டேன். "எனக்காக ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியலையா உனக்கு? ஊரு கை தட்டுனதும் நான் ஞாபகம் வரலையா?"ன்னு. அவ கொண்டையில இருந்து பூவ எடுத்துட்டு இருந்தா. என்னையப் பார்த்தா.  "சரிங்க"ன்னா. அவ்வளவுதான். போயி அடுப்பப் பத்த வெச்சா. அன்னையோட பாட்டு நின்னுது.

சொல்லுங்க, நான் கேட்டதுல என்ன தப்பு? யாரா இருந்தாலும் கேப்பாங்களா இல்லீங்களா?

இருங்க, முடிக்கலை. அதுவரைக்கும்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன். கோபிக்காரருக்கும் அதுவரைக்கும்தான் சொன்னேன். உங்ககிட்ட என்னமோ மிச்சத்தையும் சொல்லோணும்னு இருக்குது. ஸ்பீக்கரு ஒயர எதுக்கு ஆட்டிட்டே இருக்கறேன்னு பார்க்கறீங்களா? சும்மாதான். 

போன திங்கக்கிழமை ஒரு ரோசனை வந்துது. எல்லாரும் அந்த வீடியோவத்தான கேக்கறாங்க, அதையே எடுத்து நான் சுத்தம் பண்ணிக் குடுத்துர்றேன், அப்பவாச்சும் இந்த மிசினுக எதுக்குன்னு அவளுக்குத் தெரியட்டும்னு. செல்லுல ஒருத்தருக்கொருத்தர் அனுப்பறது தேஞ்சு போன பைலுங்க, அதுல ஒண்ணும் பண்ண முடியாது. எடுத்தது சம்பூர்ணக்கா மருமகன். அவருகிட்டப் போயி, வெட்டாதது கொத்தாதது, மொத்தமா அப்படியே குடுங்கன்னு வாங்கிட்டு வந்தேன். ஒண்ணேகால் மணி நேரத்துக்கு இருந்துது. நாலு மணிக்கே ஸ்டேண்டுல வெச்சு ஆன் பண்ணிட்டு அவரு போயி உக்காந்துட்டாராமா. பாட்டு இருக்கற எடத்த மட்டும் வெட்டித்தான் ஊருக்கு அனுப்பியிருக்கறாரு.

சத்தம் எடுக்கறதுக்குன்னு ஒரு பிளகின் இருக்குதுங்க. அது எப்படின்னா, பாட்டு எதுவும் இல்லாம வெறும் எரைச்சல் மட்டும் இருக்கற எடத்த அதுக்கு மொதல்ல காட்டோணும். இதுதான் வேண்டாத சத்தம்னு அது புரிஞ்சுக்கும். அப்பறம் மொத்தத்துல இருந்தும் அத உருவி எடுத்துரும். பாட்டுக்கு முந்தி அப்படி எடம் இருக்கும்ல, அதத் தேடிப் போனேன். பத்து நிமிசத்துல ஆரம்பிக்கும்னு பார்த்தா ஆரம்பிக்கல. இருவது நிமிசம். இல்ல. முப்பது. நாலு மணி நாப்பத்தியொண்ணுக்குத்தாங்க பாட்டே ஆரம்பிக்குது.

நான் அப்பவும் என்ன நெனச்சேன், மைக்செட்டு ரிப்பேரா இருந்திருக்கும்னு. எரைச்சல ஒரு துண்டு எடுத்துக் காட்டுனேன். பிளகின் உருவுச்சு. கூட்டம் போச்சு, கொழந்தை போச்சு, ஜெனரேட்டரு பாதி போச்சு. மிஞ்சுனதுல ரெண்டு மூணு பேரு பேசறது கேக்குது. போனு மேடைக்குப் பக்கத்துலதான் இருந்திருக்குது.

கோயில்காரரு சொல்றாரு, "நேரமாச்சும்மா, ஆரம்பிங்க." இவ சொல்றா, "இன்னொரு அஞ்சு நிமிசமுங்க, ஊட்டுக்காரரு வந்துட்டே இருக்கறாருங்க." அப்பறம் போனப் போடறா, எடுக்கலைன்னு யார்கிட்டயோ சொல்றா. மறுக்கா அவரு வர்றாரு. இவ மறுக்காக் கெஞ்சறா. சம்பூர்ணக்கா குரலு, "அவரு வரமாட்டாரு துளசி, நாப்பது பேரு நின்னுட்டு இருக்கறாங்க பாரு." அதுக்கு இவ, "இல்லக்கா, கடைசி நேரத்துல எதையோ சரி பண்ணிட்டு இருப்பாரு. நாம பாட்டுக்கு ஆரம்பிச்சுட்டா, அவரு வந்து அத எங்க போடுவாரு? ஆறு மாசம் உக்காந்து செஞ்சதாச்சேக்கா"ங்கறா. கடைசில விருந்தாளியா வந்திருந்த பஞ்சாயத்துப் பிரசிடெண்டு எந்திரிச்சுப் போறேங்கறாரு போல. அப்ப இவ மைக்க வாங்கறா. "அவரு வந்தா நிறுத்திரலாம், மறுக்கா மொதல்ல இருந்து ஆடலாம், யாரும் கலைஞ்சு போயிராதீங்க"ன்னு பொம்பளைங்ககிட்டச் சொல்லிட்டுத்தாங்க, சங்கு ஊதிப் போச்சுதடின்னு எடுக்கறா.

நான் போயி நின்னப்ப என்னை அவ பார்க்கலை. நான் ஸ்பீக்கருக்குப் பின்னால நின்னுட்டேன்ல. பார்த்திருந்தா நிறுத்தியிருப்பா.

வெக்கத்த உட்டுச் சொல்றேன், நான் இந்தச் சேர்லயே உக்காந்து அழுதேங்க. நாப்பத்தியொரு நிமிசம் காத்திருந்தவகிட்டப் போயி அரை மணி நேரம் பொறுக்க முடியலையான்னு கேட்டிருக்கறேன். அவ அப்பவே சொல்லியிருக்கலாம். சொல்லலையே. சரிங்கன்னுட்டுப் போயிட்டா.

அவகிட்ட இன்னும் சொல்லலைங்க. ஒரு வாரமாச்சு. தெனமும் ஹெட்போன மாட்டிட்டு உக்காந்துக்கறேன், அவ வாசல்ல நின்னு பார்த்துட்டு, இன்னும் செக்கிங்தான் போலன்னு போயிர்றா. சொல்லோணும். ஆனா பாருங்க, அந்த ரெண்டாவது தடவ கெஞ்சற எடத்துல ஜெனரேட்டர் சத்தம் ஒட்டிட்டு இருக்குது. ஒரு வார்த்தை தெளிவா விழலை. அத மட்டும் எடுத்துட்டா முழுசாப் போட்டுக் காட்டிரலாம். வேறொரு பிளகின் இருக்குதாமா, அது இதவிட நல்லா எடுக்குமாமா. அத ஏத்தி, செட்டிங் பார்த்து, ஒரு பத்து நாளு.

ஏனுங்க அப்படிப் பார்க்கறீங்க?

இல்லீங்க, நான் தள்ளிப் போடலை. அரைகுறையாப் போட்டுக் காட்டுனா நல்லாருக்காதேன்னுதான்.

சரி. சரிங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்கே கேக்குது நான் பேசறது.

வண்டி சத்தம் கேக்குதுங்களா? அவதான். கேட்டத் தொறக்கறா. நீங்க எந்திரிக்காதீங்க, இருங்க. ஒரு ஆளு கூட இருந்தா எனக்குத் தெகிரியமா இருக்கும். இந்த மைக்கு ஒயர மொதல்ல கழட்டிர்றேன், இதப் பார்த்தா உள்ளயே வர மாட்டா.

துளசி, இந்த அண்ணன் தாராபுரத்துல இருந்து வந்திருக்கறாரு, நோம்பிக்கு உன்னையக் கூப்புட. தேதியெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், அவரு இருப்பாரு. சித்த இக்கட்ட வா. பை அங்கயே இருக்கட்டும். இல்ல, பாடறதுக்கு இல்ல. மைக்கே இல்ல பாரு, கழட்டிட்டேன். உள்ள வர வேண்டாம்னாலும் சரி, வாசப்படியிலயே நில்லு. ஒண்ணு போடறேன், நீ கேட்டாப் போதும்.

ரெடியாயிருச்சான்னு கேக்கறயா?

இல்ல. ரெடியாகலை. ஜெனரேட்டரு சத்தம் அப்படியேதான் இருக்குது, இருந்துட்டுப் போவட்டும். கேளு.